அண்ணாச்சி கேட்ட வாரக் கணக்கு

(சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகம். சனிக்கிழமை மாலை, சம்பள நேரம். ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. அன்றைக்குப் பூஜை போட்டு, அடுத்த ஆண்டு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஏஜெண்டுகள் கையில் கொடுத்தாக வேண்டும். டிசைனர் தம்பி பவ்யமாக ஒரு நோட்டை நீட்டுகிறார்.)

அண்ணாச்சி: முடித்த வேலையை எழுதச் சொன்னேன். இது என்ன தம்பி, "இந்த வாரம் மனதில் பட்டவை"?

தம்பி: கற்பனை எங்கிருந்தெல்லாம் வந்தது என்று வாராவாரம் எழுதி வைக்கிறேன் அண்ணாச்சி. பெரிய டிசைனர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்.

அண்ணாச்சி: சரி, வாசி. எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

தம்பி: திங்கள். சுவிட்சர்லாந்து போஸ்டர்கள். 1950களில் அங்கே ஒரு பாணி வந்தது. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எழுத்து, படம் எல்லாவற்றையும் அந்தக் கட்டத்துக்குள் நிறுத்துவார்கள்.

அண்ணாச்சி: காலண்டரில் குறுக்கே ஏழு கட்டம் ஓடுகிறதே, அது உன் கண்ணில் படவில்லையா? கட்டம் பார்க்க சுவிட்சர்லாந்து வரைக்கும் போக வேண்டுமா?

தம்பி: போகவில்லை அண்ணாச்சி. வீடியோவில்தான் பார்த்தேன்.

அண்ணாச்சி: வேலை நேரத்திலா?

தம்பி: செவ்வாய்! மெஷின் செட் செய்யும்போது திரும்பத் திரும்ப ஓட்டுகிற வேஸ்ட் தாள் ஒன்று. முருகன் மேல் மிக்சர் பாக்கெட், அதற்கு மேல் மோட்டார் பம்ப் விளம்பரம். வேல் இருக்க வேண்டிய கையில் பம்ப்! அசந்துவிட்டேன்.

அண்ணாச்சி: அது எடைக்குப் போகிற தாள்.

தம்பி: வெளிநாட்டில் அதைத்தான் ரசிக்கிறார்கள். ரிசோ என்று ஒரு ஜப்பான் மெஷின். ஒவ்வொரு நிறமாக அடிக்கும், கொஞ்சம் தள்ளித்தான் விழும். அந்த விலகலுக்காகவே ஆசைப்பட்டு வாங்குகிறார்கள்.

அண்ணாச்சி: போன வருஷம் நம்மிடம் மெஜந்தா நிறம் ஒரு நூல் விலகி, அம்மனுக்கு நாலு உதடு வந்தது. பார்ட்டி மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டான். ஜப்பான் விஷயத்தை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?

தம்பி: புதன், காலண்டர் சாமிப் படங்கள் வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜு.

அண்ணாச்சி (நிமிர்ந்து உட்கார்ந்து): இது பேச்சு! அவர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர், தெரியுமா? கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோனது, மனுஷன் அங்கேயே தங்கிவிட்டார். அவர் வரைந்த சாமியெல்லாம் மேடையில் நிற்கிற மாதிரி நம்மை நேராகப் பார்க்கும். கடைசி வரிசைக்காரனும் டிக்கெட் வாங்கித்தானே வந்திருக்கிறான்! நீ வரைந்த லட்சுமி எங்கே பார்க்கிறாள்?

தம்பி: ஜன்னலுக்கு வெளியே, தொலைவில். முகத்தில் ஓர் ஏக்கம்.

அண்ணாச்சி: செல்வம் கொடுக்கிறவளுக்கே ஏக்கம் என்றால், படத்தை வீட்டில் மாட்டுகிறவன் கதி என்ன ஆவது?

தம்பி: திருத்திவிடுகிறேன். வியாழன், பழைய தீப்பெட்டி லேபிள்கள்.

அண்ணாச்சி: அதைக் கும்பிட்டுக்கொள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பெட்டி வந்ததும் லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சு வளர்ந்தது. எழுத்துத் தெரியாதவரும் "கிளிப் பெட்டி ஒன்று கொடு" என்று கேட்டு வாங்கலாம். ஏனென்றால் கிளி கிளியாக இருந்தது. நீ வரைந்தால் கிளியின் ஆன்மாவை அல்லவா வரைவாய்!

தம்பி: வெள்ளி... ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணாச்சி: எத்தனை மணிக்கு யோசித்தாய்?

தம்பி: பத்தே முக்கால் இருக்கும்.

அண்ணாச்சி: வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். தினசரி காலண்டருக்கு லேஅவுட் போடுகிறாயே, ஒரு தாளையாவது படித்தாயா?

தம்பி: போகட்டும் அண்ணாச்சி, இன்றைக்கு மாதக் காலண்டரை முடித்துவிட்டேன். பாருங்கள். கட்டத்தின் மூலையில் சின்னதாகத் தேதி, மீதியெல்லாம் வெள்ளை. வெற்றிடம்தான் அழகு.

அண்ணாச்சி (வெகுநேரம் பார்த்துவிட்டு): தேதியைப் பெரிசாக்கு. அடுப்படியில் நின்றாலும் தெரிய வேண்டும். (இதில் நியாயம் அண்ணாச்சி பக்கம்தான்.) ஆனால் அந்த வெள்ளை இருக்கிறதே, அருமை!

தம்பி: உங்களுக்கும் வெற்றிடம் பிடிக்குமா!

அண்ணாச்சி: பால் வராத நாள், சிலிண்டர் மாற்றின நாள், சீட்டுப் பணம் கட்டின நாள், எல்லாம் எங்கே எழுதுவதாம்? வீட்டில் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்கிறாள். இதில் கை வைக்காதே.

(போன் அடிக்கிறது. காலண்டருக்கு ஆர்டர் கொடுத்த கடை முதலாளி.)

அண்ணாச்சி (போனில்): சொல்லுங்க முதலாளி... புதுசாக ரெண்டு கிளையா, சந்தோஷம்... ஆறு போன் நம்பர், சரி... உங்கள் படம், அப்பா படம்... தாத்தாவும் மாலையோடு... அப்புறம் மருமகனுமா? தாராளமாகப் போடலாம்.

தம்பி: எங்கே போடுவது அண்ணாச்சி?

அண்ணாச்சி: அதான் வெற்றிடம் இருக்கிறதே.

தம்பி: அது பால் கணக்குக்கு என்றீர்களே!

அண்ணாச்சி: அட்வான்ஸ் பால்காரரா கொடுக்கிறார்?