குழுவுக்கு விருதாம், குழுவைத்தான் காணோம்

ஒரு தொழிற்சாலையின் விருது விழாப் படத்தை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். பின்னால் ‘தூசி உமிழ்வைக் குறைத்த சிறந்த பணியாளர் குழு’ என்று பேனர். முன்னால் கோட் போட்ட ஐந்து பேர், நடுவில் ஒரு ஷீல்டு. ஐவரில் ஒருவரது ஷூவில்கூடத் தூசி இல்லை. அன்றைக்கே பின்னூட்டத்தில் ஒரு வரி கேட்டேன்: “மற்றவர்கள் எங்கே?” அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் பார்த்த பிறகுதான் இந்தப் பதிவு. ஒரு வரிக்கே இவ்வளவு கோபம் வருகிறது என்றால் முழுசாகச் சொல்லிவிட்டே வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

அந்த ஐந்து பேர்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. மேலிடத்தில் பேசி பட்ஜெட் வாங்கியிருப்பார்கள், உற்பத்தியை நிறுத்த நாள் ஒதுக்கியிருப்பார்கள். அதுவும் வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் பணியாளர் குழுவுக்கு என்று விருதை வைத்துவிட்டு, அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல்கூடப் போடாமல் விட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? பெயரைப் போடுங்கள். நான் கேட்டது இவ்வளவுதான். பணம் கேட்கவில்லை, பதவி உயர்வு கேட்கவில்லை. பெயர்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. தொழிற்சாலையில் மாசைக் குறைப்பது என்றால் பெரிய கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, சுவிட்சைப் போட்டுவிட்டு வந்துவிடுவது என்று. பேக் ஃபில்டர் என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரிய ஆலைகளில் அது ஆயிரக்கணக்கான நீளத் துணிப் பைகள் தொங்கும் ஒரு கட்டடம். தூசிக் காற்று பையின் வெளிப்புறம் வந்து மோதும், தூசி துணியில் தங்கும், சுத்தமான காற்று உள்ளே புகுந்து மேலே போகும். இத்தனை பைகளில் ஒன்றிரண்டு கிழிந்தாலும் போதும், சிம்னி அளவீடு ஏறிவிடும். எந்தப் பை கிழிந்தது? அதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. ஒளிரும் பொடியை உள்ளே உறிஞ்சவிட்டு, ஃபேனை நிறுத்தி, மேல்மூடிகளைத் திறந்து, புற ஊதா விளக்கோடு ஒரு ஆள் உள்ளே இறங்க வேண்டும். ஒவ்வொரு பையின் வாயிலும் விளக்கை அடித்துக்கொண்டே போக வேண்டும். எந்த வாயில் பொடி மின்னுகிறதோ அதுதான் கிழிந்த பை. உள்ளே நேற்று வரைக்கும் கொதித்துக்கொண்டிருந்த சூடு இன்னும் இறங்கியிருக்காது. இருட்டாக இருந்தால்தான் பொடி தெரியும் என்பதால் பெரும்பாலும் ராத்திரியில்தான் இந்த வேலை. அந்த ஆள் அந்தப் படத்தில் இருக்கிறாரா? அதைத்தான் கேட்டேன்.

இப்போது பதில்களுக்கு வருகிறேன்.

“மாசைக் குறைப்பது சட்டப்படி செய்ய வேண்டிய கடமை. கடமையைச் செய்ததற்கு எதற்கு ஐயா விருது?” இதைச் சொன்னவர் நான் மதிக்கும் நண்பர், அதனால்தான் கொஞ்சம் வலித்தது. சட்டக் கடமை நிறுவனத்துக்கு, மறுக்கவில்லை. ஆனால் டன் கணக்கில் உற்பத்தி செய்வதும் கடமைதானே? அதற்குத்தானே சம்பளம்? உற்பத்தியில் சாதனை என்றால் ஸ்வீட் வருகிறது, ஊக்கத்தொகை வருகிறது, நோட்டீஸ் போர்டில் பெயர் வருகிறது. அப்போது யாரும் “கடமைதானே” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. தூசி குறைந்தால் மட்டும் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். நல்ல நியாயம்.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டம் ஒரு வரம்பைச் சொல்கிறது. வரம்புக்குள் வந்ததும் நிறுவனம் நிம்மதியாகிவிடும். அதற்குக் கீழே இன்னும் இறக்க முடியுமா என்று யோசிப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. அது ஷிஃப்ட்டில் இருக்கிற யாரோ ஒருவரின் சொந்த ஆர்வம், பல நேரம் சொந்த எரிச்சல். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த முறை அவர் வாயைத் திறக்க மாட்டார்.

எனக்கு இது தெரியும், ஏனென்றால் அப்படி வாயைத் திறந்த ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம்.

சிமெண்ட் ஆலை. நான் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் இருந்தேன். எங்கள் கில்னுக்கு, அதாவது சிமெண்ட் சூளைக்குப் பின்னால் இருந்தது ஈ.எஸ்.பி. என்கிற மின்நிலை வடிகட்டி. பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தால் தூசிக்கு மின்னூட்டம் ஏற்றி, இரும்புத் தகடுகளில் ஒட்டவைக்கும் சாதனம். நன்றாக வேலை செய்யும், ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. கில்னில் நிலக்கரி சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கூடினால், உள்ளே ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். அதனால் வாயு ஒரு அளவைத் தாண்டியதும் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். சி.ஓ. டிரிப் என்போம். மின்சாரம் திரும்ப வரும்வரை அத்தனை தூசியும் நேராக சிம்னி வழியாக வெளியே. சிமெண்ட் ஆலைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 முடிவுகள் இப்படிப்பட்ட டிரிப்புகளை ஆண்டுக்கு மொத்தம் 30 நிமிடத்துக்குள் வைக்கச் சொல்கின்றன. ஆண்டுக்கு! நாங்கள் அதைச் சில மாதங்களில் ஒரே மாதத்தில் தாண்டிக்கொண்டிருந்தோம்.

வாயுவை அளக்கும் அனலைசரில் கோளாறு என்று என்னைத் திட்டினார்கள். பர்னரில் கோளாறு என்று புராசஸ்காரர்களைத் திட்டினார்கள். வெளியிலிருந்து நிபுணர் வந்தார், தடியாக ஒரு அறிக்கை கொடுத்தார், போனார். கடைசியில் விஷயத்தைச் சொன்னவர் நிலக்கரித் தூளைச் சேர்த்துவைக்கும் ‘பின்’ என்கிற பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் துப்புரவு பார்த்துக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்ட் ஹெல்ப்பர். “சார், டிரிப் ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பின் சத்தம் நின்னுடுது. அப்புறம் தொப்புன்னு ஒண்ணு விழுது.” அவ்வளவுதான் சொன்னார். கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் ஒருவர் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொண்டு, அளவீடுகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டிரெண்டை எடுத்துப் பார்த்தார். ஆமாம். பின்னில் தூள் குறையும்போது மிச்சத் தூள் உள்ளே வளைவாக இறுகி நின்றுவிடுகிறது. பிறகு ஒரேயடியாகச் சரிந்து கில்னுக்குள் கொட்டுகிறது. எரிய ஆக்சிஜன் போதாது, வாயு ஏறும், டிரிப்.

அப்புறம் நடந்தது நிஜமான குழு வேலை. பின்னின் அளவு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்காமல், நிலக்கரி அரைக்கும் கோல் மில்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். தூளின் ஈரத்தைக் குறைத்தார்கள். பின்னின் கூம்பில் காற்று ஊதும் பேட்கள் பாதி அடைத்திருந்தன, மெக்கானிக்கல் ஆட்கள் மாற்றினார்கள். வாயு எடுக்கும் குழாயை ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சுத்தம் செய்யும் வேலை எங்கள் தலையில். டிரிப் படிப்படியாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் கண்ட்ரோல் ரூமில் அந்த அலாரத்தின் சத்தமே மறந்துபோயிற்று. வாங்கிய பொருள் என்று பார்த்தால் சில பேட்கள்தான்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு விழா. குழுவுக்குச் சான்றிதழ். எனக்கும் ஒன்று கிடைத்தது, பொய் சொல்லவில்லை. அந்த ஹெல்ப்பரையும் வரச்சொல்லியிருந்தோம். ஆடிட்டோரியம் வாசலில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். அவருடைய கேட் பாஸ் கில்ன் ஏரியாவுக்கு மட்டும்தான் செல்லுமாம். ஆடிட்டோரியம் நிர்வாகக் கட்டடத்தில் இருக்கிறதாம். சரி, சான்றிதழையாவது கையில் கொடுப்போம் என்று மனிதவளப் பிரிவில் போய்க் கேட்டால், அங்கே வந்த பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது: “கான்ட்ராக்ட் ஆளுக்குக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் பெயர் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு அதையே ஆதாரமாக வைத்து நிரந்தர வேலை கேட்பான்.” இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். ஆனால் பாருங்கள், ஒரு மனிதன் ஆலைக்கு நல்லது செய்தான் என்பதற்கான ஆதாரம் ஆலைக்கே ஆபத்தாகத் தெரிகிறது! இதற்குமேல் நான் என்ன வாதம் செய்வது?

“ஓ, உனக்குப் பழைய காயம், அதை இங்கே கொட்டுகிறாய்” என்று ஒருவர் எழுதுவார், இப்போதே தெரிகிறது. கொட்டுகிறேன், ஆமாம். காயம் பழையது என்பதால் கேள்வி தப்பாகிவிடாது.

அடுத்தது ‘இதெல்லாம் பச்சைப் பூச்சு’ கோஷ்டி. எந்த விருது என்றாலும் இவர்களுக்கு நிறுவன விளம்பரம். அவர்களுக்கு ஒரு பழைய கதை: 1975இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் ஒரு திட்டம் தொடங்கியது. ஜோசப் லிங் என்ற பொறியாளர் முன்னின்று நடத்தியது. சிம்னியிலும் குழாயிலும் வந்த பிறகு வடிகட்டுவதைவிட, மாசு பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவது என்பது அடிப்படை. கலவையை மாற்று, செய்முறையை மாற்று, கருவியை மாற்று, கழிவைத் திரும்பப் பயன்படுத்து. யோசனை ஊழியர்களிடமிருந்து வர வேண்டும், பலன் கிடைத்தால் அந்தக் குழுவுக்கு அங்கீகாரம். டௌ கெமிக்கல் நிறுவனமும் 1986இல் இதே வழியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆக, பணியாளர் குழுவைப் பாராட்டுவது நான் நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

உடனே சொல்வீர்கள்: “அதே 3எம்தானே பி.எஃப்.ஏ.எஸ். என்கிற, எளிதில் அழியாத ரசாயனங்களைத் தயாரித்துக் குடிநீரைக் கெடுத்தது?” தெரியும் ஐயா. குடிநீர் வழங்கும் அமைப்புகளுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுப்பதாக 2023இல் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அந்தப் பாவத்தை, ஏதோ ஒரு பிரிவில் கரைப்பான் ஆவியைக் குறைக்க மண்டையை உடைத்துக்கொண்ட நாலு பேர் தலையில் ஏன் ஏற்றுகிறீர்கள்? நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுங்கள், நானும் வருகிறேன். ஊழியனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வதால் வழக்கு ஒன்றும் தள்ளுபடி ஆகிவிடாது. பச்சைப் பூச்சு என்பதே என்ன? சாதனையை நிறுவனத்தின் பெயரில் எழுதிக்கொள்வதுதானே? நான் சொல்கிறபடி, செய்தவன் பெயரில் எழுதினால் பூச்சு எங்கிருந்து வரும்? கொஞ்சம் யோசியுங்கள்.

விருதுக்காக அளவீட்டில் கைவைப்பார்கள் என்று ஒரு தோழி எழுதியிருந்தார். நியாயமான பயம். விபத்தே இல்லாத மாதத்துக்குப் பரிசு என்று அறிவித்தால் சின்னக் காயத்தை மறைக்கிற கதை எல்லா ஆலைகளிலும் உண்டு. அதனால் சிம்னி அளவீட்டை மட்டும் பார்த்து விருது கொடுக்காதீர்கள். எத்தனை டிரிப், எத்தனை பை மாற்றினார்கள், லாக் புக்கில் என்ன எழுதியிருக்கிறது, மூலக் காரணம் என்ன என்று பாருங்கள். சரி, அடுத்தது.

“நூறு பேர் வேலை செய்திருப்பார்கள், நூறு பேர் பெயரையும் போட முடியுமா?” இதைப் படித்ததும் உண்மையிலேயே சிரித்தேன். ஒரு வால்வைத் தப்பாகத் திறந்து, ஊர்ப்பக்கம் தூசி பறந்து, புகார் வந்தால் என்ன நடக்கும்? அரை மணி நேரம்தான். எந்த ஷிஃப்ட், எந்த ஆபரேட்டர், எந்தக் கான்ட்ராக்டரின் எந்த ஆள், கேட் பாஸ் எண் முதற்கொண்டு மேசைக்கு வந்துவிடும். மெமோவில் பெயர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் இருக்கும். அப்போது நூறு பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது. அதே ரிஜிஸ்டர், அதே கேட் பாஸ்தானே? பாராட்டும்போது மட்டும் ‘டீம் எஃபர்ட்’ என்று ஒரு போர்வையைப் போட்டு மூடிவிடுவது. கேட்டால், தனிப்பட்டவர்களை முன்னிறுத்துவது எங்கள் பண்பாடு இல்லையாம். மேடையில் நின்ற ஐந்து பேரும் தனிப்பட்டவர்கள் இல்லையோ!

இவ்வளவு எழுதும்போது இன்னொன்று மனதில் அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வெளிக்காற்றில் தூசி குறைவதற்கு உள்ளே யாரோ அந்தத் தூசிக்குள் இறங்குகிறார்கள். தூசி வந்து சேரும் ஹாப்பர் என்கிற கூம்புத் தொட்டி அடைத்துக்கொண்டால் கம்பியால் குத்தி விடுவது, ஷட்டவுனில் ஈ.எஸ்.பி.க்குள் போய்த் தகடுகளில் இறுகியதைச் சுரண்டுவது, நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் ‘கோக் அவன்’ அடுப்பின் கதவுகளில் புகை கசியும் இடத்தைக் கிட்டே நின்று சுத்தம் செய்வது. கோக் அவன் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. ஊர் சுவாசிக்காமல் இருப்பதற்காக இவர்கள் சுவாசிக்கிறார்கள். நிரந்தர ஊழியருக்கு ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் பரிசோதனை எல்லாம் ஃபைலில் இருக்கும். கான்ட்ராக்ட் ஆள் கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது ஆள் ஆகிவிடுவார், ஃபைலும் புதுசு. பத்து வருஷமாக ஒரே ஹாப்பரைக் குத்திக்கொண்டிருப்பவருக்குப் பரிசோதனைக் காகிதம் கடந்த ஆண்டிலிருந்துதான் தொடங்கும். பெயரைப் போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது வெறும் கைதட்டலுக்காக என்று நினைத்தவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள். சான்றிதழில் பெயர் வந்தால், இந்த ஆள் இந்த ஆண்டு இந்த இடத்தில் வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு காகிதம் இருக்கும். நாளைக்கு மூச்சு வாங்கும்போது டாக்டரிடம் காட்ட உதவும். மனிதவளப் பிரிவு பயந்த அதே ஆதாரம்தான்.

அந்த ஷீல்டு வாங்கிய ஆலையில் வேலை பார்ப்பவர்கள் சிலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேலை. விழாப் பட்டியலை விடுங்கள். அந்த வேலையில் உள்ளே இறங்கிய கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கடைசியாக எப்போது எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று கேட்டு இங்கேயே எழுதுங்கள். இன்பாக்ஸில் வேண்டாம்.