அந்தச் சிவப்புக் கைக்குட்டைப் பெண்: அரசு விளம்பரமா?

மகளிர் தினம் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் தவறாமல் வரும். தலையில் சிவப்புக் கைக்குட்டை, நீலச் சட்டை, முறுக்கிய கை, மேலே ‘நம்மால் முடியும்!’ என்ற வாசகம். ‘இரண்டாம் உலகப் போரில் பெண்களை வேலைக்கு இழுக்க அமெரிக்க அரசு நாடெங்கும் ஒட்டிய சுவரொட்டி’ என்று கூடவே ஒரு குறிப்பு. இது தவறு.

படத்தை வரைந்தவர் ஜே. ஹோவர்ட் மில்லர். வரையச் சொன்னது வெஸ்டிங்ஹவுஸ் என்ற தனியார் நிறுவனம். அடியில் ‘போர் உற்பத்தி ஒருங்கிணைப்புக் குழு’ என்று இருப்பதைப் பார்த்து அரசு என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது அந்த நிறுவனத்தின் உள்குழு. ஓரத்திலேயே பொடி எழுத்தில் ‘பிப்ரவரி 15 முதல் 28 வரை ஒட்டவும்’ என்று இருக்கிறது. ஆக, 1943இல் இரண்டே வாரம், அதுவும் தொழிற்சாலைச் சுவருக்குள். பார்த்தவர்கள் ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தவர்கள். சட்டைக் காலரில் இருப்பதும் ஊழியர் அடையாள வில்லைதான். ஆள் சேர்க்க அல்ல, இருப்பவர்களை உற்சாகமாக உழைக்க வைக்கத்தான் இது.

சரி, இந்தப் பெண்ணை இன்று ‘ரோஸி’ என்கிறார்களே, அந்தப் பெயர்? அன்று இந்தப் படத்துக்கு அது கிடையாது. அந்தப் பெயரோடு அப்போது பிரபலமானது, 1943 மே மாதம் ஒரு வார இதழின் அட்டையில் நார்மன் ராக்வெல் வரைந்த பெண். மடியில் உலோகத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கும் இயந்திரம், கையில் சாண்ட்விச். மில்லரின் படம் 1980களில்தான் மறுபடி வெளியே வந்து, பெண்ணியச் சின்னமாகிப் பெயரையும் வாங்கிக்கொண்டது.