நீர்மாலை கிடைக்காதவர்கள்

‘மை பிரதர் நிகில்’ படத்தை இதுவரை பார்க்காதவர்கள் தயவுசெய்து பார்த்துவிடுங்கள். 2005-ல் வந்த இந்திப் படம். ஓனிர் இயக்கியது, அவருக்கு அதுதான் முதல் படம். எய்ட்ஸ் பற்றிய படம் என்றதும் நம் ஆட்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். அந்த நோயோடு வாழ்ந்து இறந்துபோன ஒருவனை எப்படி வழியனுப்ப வேண்டும் என்பது அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. துட்டி வீட்டு, அதாவது சாவு வீட்டு முறைமைகளில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று பேசுகிற நம் திருநெல்வேலிச் சீமைக்கு அது தெரியவில்லை.

கதை கோவாவில், 1980களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. நிகில் நீச்சல் சாம்பியன். ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி என்று வருகிறது. அவன் நீச்சல் குளத்தில் இறங்கினால், உடன் நீந்துகிறவர்கள் கரையேறிவிடுகிறார்கள். அணியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பெற்ற அப்பாவே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்புறம் போலீஸ் வந்து கூட்டிப்போய்த் தனியாக அடைத்து வைக்கிறது. சினிமாவுக்காக எழுதினது என்று நினைக்க வேண்டாம். 1989-ல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்யப் போய்த்தான் தனக்கு எச்ஐவி இருப்பது தெரியவந்தது. அவரைப் பழைய காசநோய் ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றில் 64 நாள் அடைத்து வைத்தார்கள். அப்போதிருந்த கோவா பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. வெளியே வந்த மனிதர் சும்மா இருக்கவில்லை, தன்னைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் இறந்தார்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அது சொல்லப்படும் விதம். நிகில் இறந்த பிறகு அக்கா, அம்மா, அப்பா, காதலன் நைஜல் என்று ஒவ்வொருவராக நம்மைப் பார்த்து அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். துட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இறந்தவரைப் பற்றி ஆளாளுக்கு நினைவு சொல்வார்களே, அப்படி. அக்காவாக வரும் ஜூஹி சாவ்லா அழுது தீர்ப்பதில்லை. தம்பியின் கூடவே இருக்கிறார், வேண்டிய இடத்தில் சண்டை போடுகிறார், அவ்வளவுதான். அந்தக் கூட இருத்தல்தான் வழியனுப்புதல் என்று நான் நினைக்கிறேன். கடைசி நாளில் மாலை போடுவது அதில் சின்னப் பங்குதான்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும். பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் துட்டிக்கு வந்து நிற்பான். நீர்மாலை எடுக்க மகன், பேரன், பங்காளி எல்லாரும் கிளம்பிப் போய், குடத்தில் தண்ணீர் எடுத்து, தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்து, சங்கு முழங்கக் கொண்டுவந்து குளிப்பாட்டுவார்கள். பிறகு கோடித் துணி, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம். ஏழை பணக்காரன் என்ற பேச்சில்லாமல் இது நடக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவில் ஒருவருக்கு இது நடக்கவில்லை. பம்பாயில் வேலை பார்த்துவிட்டு உடம்பு இளைத்துத் திரும்பி வந்தவர். புறவாசல் சார்ப்பில்தான் கட்டில். அலுமினியத் தட்டும் டம்ளரும் தனி. தெருவில் வருவோர் போவோர் அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் நடப்பார்கள். அவருடைய அக்கா மட்டும் பகல் முழுக்க அந்தக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றுவார். நடுவில் கையைக் கழுவிவிட்டு வந்து கஞ்சி ஊட்டுவார். புண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி இலையை எடுப்பார். சொந்தக்காரர் ஒருத்தர் வாசலில் நின்றபடியே, “உனக்கும் பிள்ளைகள் இருக்குல்லா, பார்த்துக்கோ” என்றார். “எந் தம்பிய நாந் தொடாம யாரு தொடுவா? நீரு போயிட்டு வாரும்” என்று அந்த அக்கா தலை நிமிராமல் சொன்னது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடம்பை பாலிதீனில் சுற்றி, பிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நீர்மாலை இல்லை. முகம் பார்க்கக்கூட வழியில்லை. வண்டி வீட்டு வாசலில் நிற்காமல் நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. கொரோனா காலத்தில் ஊரே இந்தக் கொடுமையை அனுபவித்து ஆற்றாமைப்பட்டது. எய்ட்ஸில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அதை எத்தனையோ வருஷம் தனியாக, சத்தமில்லாமல் அனுபவித்தன. இத்தனைக்கும் எச்ஐவி தொட்டால் பரவுகிற கிருமி இல்லை. முகம் பார்ப்பதற்கும் கையைப் பிடித்து அழுவதற்கும் எந்தத் தடையும் தேவையில்லை. காயம், ரத்தம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு குளிப்பாட்டலாம். அந்தக் குடும்பத்திடம் இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

ஊர் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: எப்படி வந்துச்சு? நிகில் படம் அந்தக் கேள்வியில் மெனக்கெடவே இல்லை. வந்துவிட்டது, இனி இவனோடு எப்படி இருக்கப் போகிறோம் என்பதுதான் அதன் கவலை. நம் தமிழ் சினிமாவில் எய்ட்ஸ் பெரும்பாலும் தப்பு செய்தவனுக்குக் கிடைக்கும் தண்டனையாகத்தான் வந்திருக்கிறது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாகச் சுவரெல்லாம் எழுதினார்களே, அது ஆணுறையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வைத்தது, அதற்கு நன்றி. ஆனால் நோய் வந்த பிறகு அந்தப் புள்ளிராஜா எங்கே போய்ப் படுப்பான், யார் அவனுக்குச் சோறு போடுவார்கள் என்று எந்தச் சுவரும் கேட்கவில்லை. இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். மருத்துவத்தில் அவ்வளவு முன்னால் நின்ற மாநிலத்தில் நிகில் மாதிரி ஒரு படம் ஏன் வரவில்லை என்பது எனக்கு ஆதங்கம்தான்.

நைஜலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிகிலைக் காதலித்தவன், கடைசிவரை விட்டுப் போகாதவன். நம் ஊர்த் துட்டி வீட்டில் அவனை எங்கே உட்கார வைப்போம்? பங்காளி முறையிலும் வரமாட்டான், மாமன் மச்சான் முறையிலும் வரமாட்டான். அவன் கையால் ஒரு பிடி வாய்க்கரிசி போடச் சம்மதிப்போமா? ஒருபால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. துட்டி வீட்டில் முறை பேசும் பெரியவர்கள் அதை இன்னும் பேசத் தொடங்கவில்லை.

“இப்போதுதான் மாத்திரை வந்துவிட்டதே, பழைய கதையை ஏன் கிளறுகிறாய்” என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாத்திரை வந்தது உண்மை. தொண்ணூறுகளில் மாதம் பல ஆயிரம் ஆகும் என்று சொல்லிக் கைவிட்ட மருந்தை, 2004 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலேயே அந்த மருந்தைக் கொடுக்கும் ஏஆர்டி மையம் இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே வயதாகி வாழலாம். கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. தாய்க்கு இருந்தாலும் சிகிச்சை எடுத்தால் பிள்ளைக்கு வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் அந்த மாத்திரையை வாங்க, தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாத மாதம் மாத்திரை நின்றுபோகும். இன்னொருவர் பயந்துகொண்டு பரிசோதனைக்கே போகாமல், காசநோய் முற்றிய பிறகு வந்து சேர்வார். சாவு இன்னும் நடக்கிறது, அதில் பாதி நம் பார்வையால் நடக்கிறது என்பது என் எண்ணம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது சொல்ல வேண்டி வரும். எச்ஐவி இருக்கிறது என்று சொல்லி வேலையை விட்டு நீக்குவதும், சிகிச்சை மறுப்பதும், பள்ளியில் சேர்க்க மறுப்பதும், வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் சட்ட விரோதம். 2017-ல் இயற்றிய சட்டம், 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய நோய் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதையும் அது தடுக்கிறது. பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போகலாம், இலவசம், விவரம் வெளியே போகாது. போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். அதுவும் இலவசம்தான்.