இ-பதிவு வேண்டாம்னு அரசு சொல்லியாச்சு, தடுப்புக்கிட்ட நிக்கிறவருக்கு யார் சொல்றது?

இது 2021-ல, கொரோனா ரெண்டாவது அலை ஊரடங்கு நேரத்துல எழுதுனது, இதுல சொல்ற விதிங்க எல்லாம் அப்போ இருந்தது. இ-பதிவுன்னா, ஊரடங்குல வெளிய போறதுக்கு முன்னால அரசோட இணையதளத்துல விவரம் போட்டுப் பதிஞ்சுக்கிறது. மாவட்டத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு இ-பதிவு தேவையில்லை. இதை நானாச் சொல்லல, தமிழ்நாடு அரசு சொல்லுது. 2021 மே 24-ல இருந்து தளர்வு இல்லாத முழு ஊரடங்குன்னு அறிவிச்சாங்களே, அதுலயே இருக்கு. மருத்துவக் காரணத்துக்காக மாவட்டத்துக்குள்ள போறவங்களுக்கு இ-பதிவு வேண்டாம். மாவட்டம் விட்டு மாவட்டம் போறதா இருந்தாத்தான் வேணும், அதுவும் வைத்தியத்துக்கும் சாவுக்கும் மட்டும். மொத்தமே ரெண்டு வரி. இந்த ரெண்டு வரியை எங்க ரோட்டுல நிக்கிற போலீஸ்காரங்களுக்குச் சொல்ல இத்தனை பெரிய நிர்வாகத்துல ஒரு ஆள் இல்லையா?

எங்க இருப்பு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் எல்லாமே தீவுக்குள்ள இருக்கு. வெளிய போக ரோடுன்னா பாம்பன் பாலம் ஒண்ணுதான். சுத்திப் போக இன்னொரு ரோடு கிடையாது. பெரிய வைத்தியம்னா ராமநாதபுரம் போகணும், ராமேஸ்வரத்துல இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல. அங்கயும் முடியாதுன்னு கைய விரிச்சுட்டா மதுரைதான், அது இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல சிவகங்கை மாவட்டத்தைத் தாண்டணும். பஸ்ஸும் ஓடல. அந்த ஒரே ரோட்டுல தடுப்பைக் குறுக்க இழுத்துப் போட்டா ஒரு தீவையே வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரி.

எங்கம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாராவாரம் திங்களும் வியாழனும் ராமநாதபுரத்துல டயாலிசிஸ். ஒரு முறை தவறுனா கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும், நெஞ்சுல நீர் கோத்துக்கும். ரத்தத்துல பொட்டாசியம் ஏறுனா இதயமே நின்னு போகும். இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்ல, டாக்டர் எங்களை உட்கார வச்சுச் சொன்னது. ஒருத்தருக்கு நாலு மணி நேரம் மெஷின் ஓடணும். நாம லேட்டாப் போனா அடுத்து காத்திருக்கிறவருக்காக நம்ம நேரத்தைத்தான் குறைப்பாங்க. தடுப்புல நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எங்கம்மா ரத்தம் சுத்தமாகுற நிமிஷத்துல இருந்து போகுது.

போன தடவை நடந்ததைச் சொல்றேன். தெரிஞ்ச அண்ணனோட ஆட்டோ. தடுப்புக்கிட்ட நிறுத்தி, "இ-பதிவு காட்டுங்க"ன்னாங்க. "சார், மாவட்டத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு அரசே அறிவிச்சிருக்கு சார்." "எங்களுக்கு வந்த உத்தரவு இ-பதிவு இல்லாம விடக்கூடாதுன்னுதாம்மா." டயாலிசிஸ் நோட்டைக் காட்டுனேன். அம்மா சேலைத் தலைப்பை விலக்கி இடது கையைக் காட்டுனாங்க. ஊசி குத்திக் குத்தி முழங்கைக்கிட்ட நரம்பு கயிறாப் புடைச்சு நிக்கும், பக்கத்துல போன தடவை ஒட்டுன பிளாஸ்திரி இன்னும் இருந்துச்சு. அவர் அந்தக் கையைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். ஆனா விடல. "ஓரமா நிறுத்திட்டு போன்லயே போட்டுருங்க, அஞ்சு நிமிஷம்தான்"ன்னார்.

அஞ்சு நிமிஷமாம்! பேரு, ஆதார், வண்டி நம்பர், எங்கிருந்து எங்க, காரணம், அதுக்கு ஆதாரமா ஒரு பேப்பரை போட்டோ புடிச்சு ஏத்தணும். அதுக்கும் முன்னால ஓடிபி வரணும். அந்த இடத்துல டவர் ஒரு கோடு வரும், போகும். ஓடிபி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சுன்னு காட்டுது, மறுபடி முதல்ல இருந்து. ஆட்டோவுக்குள்ள அம்மா மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு வாயால மூச்சு விடுறாங்க. மே மாச வெயில். எங்க கண்ணு முன்னாலயே கண்ணாடியில ஏதோ ஸ்டிக்கர் ஒட்டுன கார் ஒண்ணு வேகத்தைக்கூடக் குறைக்காம போகுது, சல்யூட் வேற. நான் சத்தம் போட ஆரம்பிச்சதும் அம்மா என் கையைப் புடிச்சு, "எதுத்துப் பேசாத பாப்பா, அவரும் வெயில்லதான நிக்கிறாரு"ன்னாங்க.

நிக்கிறாரு, மறுக்கல. காலையில இருந்து தார் ரோட்டுல நிக்கிற அந்த மனுஷன் மேல எனக்குக் கோவம் இல்ல. மே 17-ல இ-பதிவு கட்டாயம்னு வந்தப்ப மாவட்டத்துக்குள்ளயும் வேணும்னுதான் சொன்னாங்க. அதைத்தான் அவர் இன்னும் புடிச்சுக்கிட்டு நிக்கிறார். மாறுனதை அவருக்குச் சொல்லாம விட்டது யாரு? வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ அனுப்புனா முடியற வேலை. மேல உட்கார்ந்து உத்தரவு போடுறவங்க, அது கீழ போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்க மாட்டாங்களா? மாறுனது கொஞ்சநஞ்சமா? மே 10-ல மளிகைக்கடை பகல் 12 மணி வரைக்கும்னாங்க. 15-ல இருந்து காலை 10 மணி வரைக்கும்தான்னாங்க. 22, 23 ரெண்டு நாளும் ராத்திரி 9 மணி வரைக்கும் எல்லாக் கடையும் திறந்துக்கலாம், பஸ்ஸும் ஓடும்னாங்க, ஊரே திரண்டு தெருவுல நின்னுச்சு. 24-ல மொத்தமா மூடுனாங்க. டிவி பார்த்துக்கிட்டே இருக்கிற எனக்கே தலை சுத்துது. ஸ்மார்ட்போன் இல்லாத கிழவிங்க என்ன செய்வாங்க? எங்க தெருவுல பாதிப் பேருக்கு நான்தான் இ-பதிவு போட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். நான் இல்லாத தெருவுல?

அடுத்தது, தனிமைப்படுத்துறது. எங்க அண்ணி நண்டு கம்பெனியில சதை எடுக்கிற வேலைக்குப் போறவங்க. காய்ச்சல் வந்து டெஸ்ட் எடுத்தாங்க, பாசிட்டிவ். போன்ல பேசுன நர்ஸ் பத்து நாள்னாங்க. வந்து கதவுல ஸ்டிக்கர் ஒட்டுனவர் பதினாலு நாள்னார். நாள் முடிஞ்சு வேலைக்குப் போனா கம்பெனியில நெகட்டிவ் பேப்பர் இருந்தாத்தான் உள்ள வரணும்னுட்டாங்க. மூணு பேரு, மூணு சட்டம்.

நானே தேடிப் படிச்சேன். மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 28-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல தெளிவா இருக்கு. வீட்டுத் தனிமையில இருக்கிற நோயாளிக்கு அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து குறைஞ்சது 10 நாள் ஆகியிருக்கணும், கடைசி 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. அதோட தனிமை முடிஞ்சது. மறுபடி டெஸ்ட் எடுக்கத் தேவையே இல்ல. 14 நாள்ங்கிறது நோயாளியோட கூட இருந்தவங்களுக்கு. அதாவது அண்ணிக்குப் பத்து, எங்க அண்ணனுக்கும் புள்ளைங்களுக்கும் பதினாலு. இதை ஒரு துண்டுச் சீட்டுல, இன்ன ஆளு இன்ன தேதி வரைக்கும்னு எழுதிக் கொடுத்திருந்தா ஒரு குடும்பம் இப்படி அல்லாடுமா? நெகட்டிவ் பேப்பர் கேக்குற கம்பெனிக்காரங்களே, நோய் தீந்து பல வாரம் கழிச்சும் செத்த வைரஸோட துணுக்கு இருந்தா டெஸ்ட்ல பாசிட்டிவ்னுதான் வரும். அதுக்காகத்தான் மறு டெஸ்ட்டே வேண்டாம்னு வச்சிருக்காங்க. நீங்க கேக்குற பேப்பருக்காக ஒரு பொம்பளை நாள்கூலியை இழந்துட்டு உட்கார்ந்திருக்கா.

அதே வழிகாட்டுதல்ல நோயாளி காத்தோட்டமான தனி ரூம்ல இருக்கணும்னு போட்டிருக்கு. சரியான யோசனைதான், காத்துலதான் பரவுது. ஆனா எங்க அண்ணன் வீடு ஒத்தை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கக்கூஸ் பின்னால, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. இந்த வீட்டுல எது தனி ரூம்? இப்படிப்பட்டவங்களைப் பள்ளிக்கூடத்துலயோ கல்யாண மண்டபத்துலயோ தங்க வைக்கலாமே, ஒட்ட வந்தவர் அப்படி ஒரு இடம் இருக்கான்னுகூடச் சொல்லல. ஸ்டிக்கரை ஒட்டுனார், போட்டோ எடுத்தார், போயிட்டார். அன்னைக்குச் சாயங்காலமே தெருக்குழாயில எங்க அண்ணன் மகளோட குடத்தை ஒருத்தங்க காலால தள்ளி விட்டாங்க. ஒன்பது வயசுப் புள்ள. காலிக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, எல்லாரும் புடிச்சு முடிக்கட்டும்னு சுவரோரமா நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல இருந்து நான்தான் தண்ணி கொண்டு போய் வாசல்ல வைக்கிறேன்.

இத்தனைக்கும் இந்த மாதிரி வீட்டு வாசல்ல ஒட்டக் கூடாதுன்னு 2020 டிசம்பர் 9-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்துல அதிகாரம் உள்ளவங்க குறிப்பா உத்தரவு போட்டாத்தான் ஒட்டலாம். எங்க அண்ணன் வீட்டுக்கு எந்த உத்தரவைக் காட்டி ஒட்டுனீங்க? வீட்டுக்குள்ள இருக்கச் சொன்னா இருக்கோம். தண்ணி, அரிசி, மாத்திரை யாரு கொண்டு வந்து தருவாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. உள்ள இருக்கிற ஆளுக்கு ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழ போனா யாருக்குப் போன் பண்ணணும்னு சொல்லிட்டுப் போங்க. ஸ்டிக்கர்ல அந்த நம்பராச்சும் இருந்துச்சா? இல்ல.

அண்ணன் நாட்டுப்படகுல கடலுக்குப் போறவர். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில கிடக்கு. நாட்டுப்படகுக்காரங்களுக்கு நல்ல விலை கிடைக்கிறதே இந்த ரெண்டு மாசம்தான். அதுல பதினாலு நாள் வீட்டுக்குள்ள. கூட்டாளிங்க போயிட்டு வந்தாலும் மீன் கடையும் மூடிக் கிடக்கு. இதுக்கு என்ன வழின்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல.

ஊரடங்கே வேண்டாம்னு நான் சொல்லல. இந்த ரெண்டாவது அலையில எங்க ஊர்ல எத்தனை சாவு பார்த்துட்டோம். கட்டுப்பாடு வேணும், கண்டிப்பா வேணும். அதை எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, உங்க ஆளுங்களுக்கும் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். தடுப்புக்குப் பக்கத்துல ஒரு பலகை வைங்க, தமிழ்ல, பெரிய எழுத்துல, இன்னைக்கு எது நடைமுறையில இருக்குன்னு தேதியோட. விதி மாறுன அன்னைக்கே பழசை அழிச்சுட்டுப் புதுசை எழுதுங்க. டயாலிசிஸ், பிரசவம், புற்றுநோய் வைத்தியம்னு போறவங்களை நோட்டைப் பார்த்ததும் விடுங்க. பாசிட்டிவ் வந்த வீட்டுக்கு ஸ்டிக்கருக்குப் பதிலா, யாருக்கு எந்தத் தேதி வரைக்கும்னு எழுதின சீட்டும் ஒரு போன் நம்பரும் கொடுங்க.

அதுவரைக்கும் தீவுல இருந்து வைத்தியத்துக்குப் போறவங்க அந்த அரசு அறிவிப்பை போன்ல சேமிச்சு வச்சுக்கோங்க, டவர் இல்லாட்டியும் காட்டலாம். சாதா போன் வச்சிருக்கிறவங்க எங்க வீட்டுக்கு வாங்க, அந்த ரெண்டு வரியைத் தேதி போட்டு எழுதித் தர்றேன். அண்ணி மாதிரி கம்பெனி வேலைக்குப் போறவங்களுக்கும் ஏப்ரல் 28 வழிகாட்டுதல்ல இருக்கிறதைத் தனியா எழுதி வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோங்க.