ஜார்ஜ் ரையனை நல்லவர் என்று சொல்ல வரவில்லை

இல்லினாய் மாநில முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ரையன் 2025 மே மாதம் 91 வயதில் இறந்தார். அவர் பேச்சை எடுத்தாலே சிலர் "லஞ்ச வழக்கில் ஜெயிலுக்குப் போனவர்" என்பார்கள், சிலர் "மரண தண்டனையை நிறுத்தியவர்" என்பார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை இல்லாமல் ஆக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரின் அதிகாரத்தோடு, தூக்குக் கைதிக்கு உயிர்ப்பிச்சை தரும் அதிகாரமும் சேர்ந்தது அந்தப் பதவி. ரையன் கான்ககீ ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த குடும்பத்துக்காரர், குடியரசுக் கட்சிக்காரர். 1977இல் இல்லினாயில் மரண தண்டனையை மீண்டும் கொண்டுவந்தபோது சட்டமன்றத்தில் ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

1999 ஜனவரியில் ஆளுநர் ஆனார். அடுத்த மாதமே ஆந்தனி போர்ட்டர் என்ற தூக்குக் கைதி விடுதலையானார். முந்தைய வருடம் தண்டனை நிறைவேற இரண்டே நாள் இருந்தபோது நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்திருந்தது. பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக இதழியல் மாணவர்கள் வழக்கைத் தோண்டியெடுத்தார்கள். அந்த வழக்கைப் பற்றிப் பின்னாளில் வேறு சர்ச்சைகளும் எழுந்தன. ஆனால் கணக்கு அந்த ஒரு வழக்கை மட்டும் நம்பி நிற்கவில்லை. 1977க்குப் பிறகு இல்லினாய் கொன்றது 12 பேரை. தீர்ப்பு தவறு என்று மரண தண்டனையிலிருந்து விடுவித்தது 13 பேரை. 2000 ஜனவரி 31 அன்று ரையன் எல்லா மரண தண்டனைகளையும் நிறுத்தி வைத்தார். இத்தனைக்கும் போர்ட்டர் வெளியே வந்த அடுத்த மாதம் ஒருவருடைய தண்டனை நிறைவேற அனுமதித்தவரும் இவர்தான். மனிதர் ஒரே நாளில் மாறிவிடவில்லை.

பதவி முடிய சில நாள் இருக்கும்போது, 2003 ஜனவரியில், நான்கு பேருக்கு முழு மன்னிப்புக் கொடுத்தார். சிகாகோ போலீஸ் அதிகாரி ஜான் பர்ஜின் ஆட்கள் அடித்துச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மறுநாள் மரண தண்டனைக் கைதிகள் 167 பேரின் தண்டனையையும் குறைத்தார். ஏறக்குறைய எல்லாருக்கும் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.

கொலையுண்டவர்களின் குடும்பங்கள் கொதித்தன. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். உண்மையான கொலைகாரர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆனாலும் யார் நிரபராதி என்று பிரித்தறிய முடியாத அமைப்பு ஒருவரைக்கூடக் கொல்லக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, மறுபக்கம். ஆளுநர் ஆவதற்கு முன் ரையன் மாநிலச் செயலாளர். ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் துறை அவர் கையில் இருந்தது. அங்கே தகுதியில்லாத லாரி ஓட்டுநர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு உரிமம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவருடைய தேர்தல் நிதிக்குப் போனது. 1994இல் மில்வாக்கி அருகே ஒரு லாரியிலிருந்து விழுந்த இரும்புத் துண்டால் பின்னால் வந்த வேன் தீப்பிடித்து, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஆறு பேர் செத்துப்போனார்கள். லாரிக்காரர் உரிமம் வாங்கியது லஞ்சம் கொடுத்து. 2006இல் ரையன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆறரை வருடச் சிறை. கொஞ்சமும் அதிகமில்லை.

விசாரணையிலிருந்து கவனத்தைத் திருப்பத்தான் தூக்கை நிறுத்தினார் என்று இன்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். அவர் மனசுக்குள் யாரும் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர் கைதிகளுக்கு இரக்கம் காட்டி ஓட்டோ நல்ல பெயரோ வாங்கிய காலம் அல்ல அது. அப்படியே சுயநலம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அந்த 167 பேரில் ஒருவர்கூட ஊசி போட்டுக் கொல்லப்படவில்லையே. அந்த லாபம் அவருடையது மட்டும்தானா?

2011 மார்ச்சில் ஆளுநர் பேட் குவின், ஜனநாயகக் கட்சிக்காரர், மரண தண்டனையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அப்போது ரையன் சிறையில் இருந்தார். அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு வழி போட்டவரும் அவர்தான்.