கனடாவின் பூர்வகுடித் தெருக்கும்பல்கள்: பரவும் தகவலும் உண்மையும்

கனடாவின் பூர்வகுடித் தெருக்கும்பல்கள் பழைய போர்மரபின் எச்சம் என்றும், சிறை ஒன்றே அவற்றை அடக்கும் என்றும் பரவிவரும் தகவலின் இரு பகுதிகளுமே தவறானவை.

இவற்றுள் பெயர்பெற்ற ‘இந்தியன் பாஸி’ 1980களின் இறுதியில் வின்னிபெக் நகரத் தெருக்களில் உருவானது. அதன் பின்னணியில் இருந்தவை வறுமையும், பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்த உறைவிடப் பள்ளிகள் தலைமுறைகளாக விட்டுச்சென்ற குடும்பச் சிதைவுமே அன்றி, எந்தக் குலமரபும் அன்று.

சிறையைப் பொறுத்தவரை, நிலைமை ஏறக்குறைய நேரெதிர். மக்கள்தொகையில் சுமார் 5 விழுக்காடே உள்ள பூர்வகுடியினர், 2020இல் கூட்டாட்சிச் சிறைவாசிகளில் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தனர். கும்பல்கள் ஆள் சேர்த்த முக்கிய இடங்களில் அச்சிறைகளும் அடங்கும்.

பூர்வகுடிச் சமூகமே முன்னெடுக்கும் முயற்சிகளை அத்தகவல் குறிப்பிடவே இல்லை; இது தற்செயலான விடுபடல் எனத் தோன்றவில்லை. வின்னிபெக்கில் 1992இல் தொடங்கிய ‘பேர் கிளான்’ ரோந்துக் குழுவினர் ஆயுதமின்றி நடந்து, தெருவில் கிடக்கும் போதை ஊசிகளைப் பொறுக்குகின்றனர். கும்பலிலிருந்து விலகுவோருக்குத் துணைநிற்பது சாஸ்கட்டூன் நகரின் ‘ஸ்ட்ரெய்ட் அப்’ அமைப்பு. கும்பல் தொடர்பைத் துண்டித்தல், போதைப்பழக்கத்தை எதிர்த்தல், நேர்மை, பணிவு ஆகியவற்றுடன் நான்கு ஆண்டு ஈடுபாட்டையும் அது நிபந்தனையாகக் கேட்கிறது.