குண்டாவும் சென்ட்டும் ஒண்ணா? வாட்ஸ்அப்ல சுத்துறது தப்பு

நம்ம பெங்களூரு தமிழ் குரூப்புங்கள்ல நில அளவு பத்தி ஒரு ஃபார்வேர்ட் சுத்திட்டிருக்கு, "இங்க குண்டான்னு சொல்றது நம்ம ஊரு சென்ட் தான், 100 குண்டா ஒரு ஏக்கர்"னு. சுத்தப் பொய்ங்க. ஏக்கருக்கு 40 குண்டா தான், 100 சென்ட். குண்டா 1089 சதுரடி, அதாவது 33க்கு 33 அடி, சென்ட் 435.6 தான், ஆக ஒரு குண்டாவுக்கு ரெண்டரை சென்ட். ஓசூர்ல சென்ட் 4 லட்சம், கர்நாடகா பக்கம் ஆனேக்கல்ல குண்டா 10 லட்சம்னா ரெண்டும் ஒரே ரேட்டு தான், இது தெரியாம ஓசூர்ல சீப்புன்னு ஓடுறாங்க.

இதைவிட மோசம் பஹணி, அதாவது கர்நாடகாவோட நிலப் பதிவேடு, அதைப் படிக்கிறது. அதுல 2.20ன்னு இருந்தா ரெண்டே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மின்னு நினைச்சிடாதீங்க, அது 2 ஏக்கர் 20 குண்டா, அதாவது ரெண்டரை ஏக்கர், புள்ளிக்கு அப்புறம் வர்றது குண்டா, 39க்கு மேல போகவே போகாது. விக்கிறவர் அதை 2.2 ஏக்கர்னு தப்பா படிச்சா 0.3 ஏக்கர், அதாவது 12 குண்டா, 13,068 சதுரடி அம்போ! அதே பஹணில கராப்னு ஒரு வரி இருக்கும், சாகுபடிக்கு ஆகாத நிலம், வாங்குறவங்க அதைக் கழிச்சுட்டு ரேட்டு பேசுங்க.